தினம் மாறும் தலையணை உறை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பகலில் பேனாவைத் தொட முடிவதில்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் என் படிப்பைக் குறை சொல்லாதே. இடது மடியில் பாப்பா கிடக்கிறாள். நீ, மாமா, உன் இரட்டை வால்கள் எல்லோரும் சௌக்கியமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு. இங்கே பாப்பா நலம். நானும் நலம் மாதிரிதான்.

போனில் சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் நான் தும்மினால் அடுத்த அறையிலிருந்து "என்னம்மா ஆச்சு?" என்று குரல் வருகிறது. உன்னோடு எப்படிப் பேசுவது?

குரல் யாருடையது என்று தெரிந்திருக்கும். இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர்கள். கல்லூரி நூலகத்தில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, பிரசவம் ஆனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான். அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அக்கா, என் சமையலறையில் என் உப்பை நான் தேட வேண்டியிருக்கிறது. டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டி, அகர வரிசையில் அடுக்கிவிட்டார்கள். அவசரத்துக்கு மிளகு வேண்டுமென்றால் 'ம' எங்கே வருகிறது என்று மனசுக்குள் ஒப்பிக்க வேண்டும். பாப்பாவின் துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்காமல், அலமாரியில் புத்தகம் மாதிரி நிற்கின்றன. பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை, அவ்வளவு அழகு. எனக்கு வயிறு எரிகிறது.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் வீட்டைப் பார்த்துவிட்டு "அப்பாடா" என்கிறார். நான் இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் ஒருநாள் கூட அந்த 'அப்பாடா'வைக் கேட்டதில்லை.

நீ இரண்டு பிள்ளைகளை ஒரே சமயத்தில் வளர்த்தவள். துணியில் பால் கறை போக, வீடு ஒழுங்காக இருக்க, நான் மனுஷியாகத் தெரிய, உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. எப்போது வருகிறாய் என்பதையும் எழுது.

உன்,
சின்னவள்


மார்ச் 12

அடி சின்னவளே,

எல்லோரும் சௌக்கியம். முதுகு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. பாப்பாவை நான் கேட்டதாகச் சொல்லி மூக்கைத் திருகு.

பால் கறைக்கு வெந்நீர் ஊற்றாதே, கறை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவை, பிறகு கசக்கு. ஒரு கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று வா, இடம் மாறிக் கிடப்பதையெல்லாம் அதில் போடு, உட்கார்ந்தபடி பிரி. பத்துத் தடவை குனிவது மிச்சம். படுக்கையை மட்டும் காலையில் தட்டிப் போட்டுவிடு, பாதி வீடு சுத்தமான மாதிரி தெரியும்.

இனி முக்கியமானது. கண்ணாடியைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? பாலும் டயப்பருமாகவே இருந்தால் உனக்கே உன்னைப் பிடிக்காது. இத்துடன் ரோஜா க்ரீம் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் கடையில் அதைவிட நல்லது இல்லை. காலையில் குளித்ததும் கழுத்து, தோள், கை எல்லாம் தடவு. பக்கத்தில் வருகிறவர்களுக்கு நீ வருவது தெரிய வேண்டும்.

அப்புறம், அந்த லைப்ரரி அம்மாவைப் பற்றி. சீட்டு ஒட்டுகிறவர்கள் மெல்ல உன் நெற்றியிலும் ஒன்று ஒட்டிவிடுவார்கள். பார்த்துக்கொள். அக்கா என்று ஒருத்தி இருக்கும்போது நாத்தனார் வந்து தாங்க வேண்டியிருக்கிறது பார், அதைச் சொல்ல வேண்டும்.

பெரியவள்


மார்ச் 24

அன்புள்ள அக்கா,

நலம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். மறுபடியும் நேரம் கெட்ட நேரம்தான், பொறுத்துக்கொள்.

க்ரீம் வந்த அன்று மூடியைத் திறந்து முகர்ந்துகொண்டே நின்றேன். உன் கண்ணாடி மேஜையின் வாசனை. காலையில் அதைத் தடவும் இரண்டு நிமிஷம் மட்டும்தான் எனக்கென்று இருக்கிறது. "உங்கக்கா வாங்கினதா? அதான் முகம் இப்படி இருக்கு" என்று அண்ணி கூடச் சிரித்தார்கள்.

ஆனால் பாப்பா என்னிடம் வருவதில்லை, அக்கா. காலையில் குளித்து, தலை வாரி, க்ரீம் தடவி, சிரித்த முகமாகப் போய்த் தூக்குகிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முதுகை வில்லாக வளைத்து அழுகிறாள். பால் குடிக்கும்போதே இரண்டு தடவை விட்டுவிட்டுச் சிணுங்குகிறாள். அண்ணி வந்து "குடும்மா, நான் பார்க்கிறேன்" என்று வாங்கித் தோளில் போட்டதும் சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடுகிறது. அந்தத் தோளில் என் தலையணை உறை ஒன்றை நாலாக மடித்துப் போட்டிருப்பார்கள். கல்யாணத்துக்கு நீ கொடுத்த நாலு வெளிர்நீல உறைகளில் ஒன்று. வீட்டில் வேறு துணியே இல்லையா? அதில் கன்னத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, என் பெண் தூங்கிப்போகிறாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரவில் மட்டும் என்னிடம் சமர்த்தாகப் படுக்கிறாள். இருட்டில் ஆள் தெரியவில்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தினமும் காலையில் நான் எழுந்து போன உடனே அண்ணி என் தலையணை உறையைக் கழற்றிவிட்டு வேறு போடுகிறார்கள். என்னுடையதை மட்டும். இவருடையது வாரத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது. இவருக்கு வியர்க்காதா? நான் அவ்வளவு அழுக்கா? கேட்டேவிட்டேன். "எதுக்கண்ணி தினமும்?" என்றேன். "இருக்கட்டும்மா, எனக்கு வேணும்" என்றார்கள். வேலை வேண்டுமாம்.

நீ எப்போது வருகிறாய் என்று எழுதவே இல்லையே.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளே,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

இத்தனை நாள் நீ வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முதலில் சமையலறையில் ஒரே ஒரு அலமாரித் தட்டைப் பிடி. அடுப்புக்கு நேரே, கைக்கு எட்டுகிற தட்டு. தினமும் எடுக்கிறதெல்லாம் அதில், எப்போதாவது எடுக்கிறது மேலே. அகராதியைத் தூக்கிப் பரணில் போடு. ஒரு தட்டு உன் கைக்கு வந்தால் மற்றதும் வரும்.

குழந்தைக்கு இந்த வயசில் கண்ணைவிட மூக்குதான் பெரிசு. அந்த அம்மாவின் தோள் வாசனை அந்தத் துணியில் ஏறி ஊறிப்போயிருக்கிறது, அதற்குத்தான் பாப்பா சொக்குகிறாள். உறை நாலையும் எடு. கொதிக்கிற தண்ணீரில் போடு. அலசும்போது வாசனைத் திரவம் ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்று. வெயிலில் காயவை. பிறகு பார், யாரிடம் போகிறாள் என்று.

க்ரீமை விடாமல் தடவு. தீர்ந்தால் சொல்லு, இன்னொன்று அனுப்புகிறேன்.

பெரியவள்


ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா,

நீங்கள் எல்லோரும் நலம்தானே? இங்கே நலம் கேட்காதே.

தட்டைப் பிடித்தேன். உப்பு, சர்க்கரை, டீத்தூள், எண்ணெய் எல்லாம் என் கைக்கு நேரே. அண்ணி பார்த்தார்கள். "இதுதான் சௌகரியம், எனக்குத் தோணலையே" என்றார்கள். ஜெயித்த மாதிரியே இல்லை.

பிறகு உறைகள். மூன்றை ஊறப்போட்டேன். நாலாவது அவர்கள் தோளில், பாப்பாவின் கன்னத்துக்கு அடியில் இருந்தது. நேரே போய் அதை உருவினேன்.

"அது வேண்டாம்மா, அதை மட்டும் விட்டுடு."

"ஏன்? அதுல என்ன இருக்கு?"

என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதோ சொல்ல வந்தார்கள். என் கழுத்தைப் பார்த்தார்கள், அங்கே க்ரீம் இன்னும் பளபளத்துக்கொண்டிருந்திருக்கும். "ஒண்ணுமில்ல, எடுத்துக்கோ" என்று விட்டுவிட்டார்கள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். கொடியில் நாலு உறையும் காய்ந்தபோது மாடிப்படி வரைக்கும் மணந்தது.

பாப்பா அன்றைக்கு அழுத அழுகையை இதற்கு முன் அழுததில்லை. என்னிடமும் அழுதாள், அவர்களிடமும் அழுதாள். அவர்கள் தோளில் அழுததைப் பார்த்து எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது, அக்கா. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். மாலையில் அவர்கள் மறுபடியும் கையை நீட்டி "குடும்மா" என்றபோது வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் பெத்தது அண்ணி. உங்களுக்கு வேணும்னா நீங்க ஒண்ணு பெத்துக்கங்க."

அவர்கள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கையை மடக்கிக்கொண்டார்கள். இரவு எல்லோருக்கும் சாப்பாடு எடுத்து வைத்தார்கள். காலையில் பெட்டி கதவருகே இருந்தது. விடுப்பு முடிகிறதாம். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியேற்றிவிட்டு வந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

நீ வா அக்கா. இப்போது இடம் இருக்கிறது.

சின்னவள்


ஏப்ரல் 21

சின்னவளே,

சொன்ன வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எப்படியோ உன் வீடு உன் கைக்கு வந்துவிட்டது. இனி பாப்பா உன்னிடம் தானாகப் பழகிவிடுவாள், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொள்.

தனியாக வீட்டைப் பார்க்க ஒரு வழி: திங்கள் படுக்கைத் துணி, செவ்வாய் பாப்பா துணி, இப்படி நாளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொள், ஒரே நாளில் மலை மாதிரி சேர்க்காதே. பாப்பா தூங்கும்போது நீயும் படு. பாத்திரம் காத்திருக்கும்.

மற்றவை பிறகு. கடையில் கூட்டம்.

பெரியவள்


மே 7

அக்கா,

நலமா? நீ சொன்ன ஒரு வாரம் முடிந்து இன்னும் ஒரு வாரமும் போய்விட்டது.

அழுகிறாள். பகல் முழுக்க அழுகிறாள். டாக்டரிடம் போனோம். வயிறு, காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லம்மா, நீங்க தூங்குங்க" என்றார். எப்படித் தூங்குவது? இப்போது இரவிலும் ஆரம்பித்துவிட்டது. எடை ஏறவில்லை. பாட்டில் பால் கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். அதாவது என்னிடம் குடிக்கப் பிடிக்கவில்லை என்றால்.

நாற்காலியில் துணி மலை. அலமாரியில் நின்ற துணிகளெல்லாம் விழுந்து படுத்துவிட்டன. இவர் வந்ததும் 'அப்பாடா' சொல்வதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு மடிக்க ஆரம்பிக்கிறார். நேற்று மடித்துக்கொண்டே, "அக்கா தோள்ல என்னதான் இருந்துச்சோ" என்றார். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் குத்திற்று.

ஒரு பெண் குழந்தைக்குத் தன் அம்மாவைப் பிடிக்காமல் போகுமா, அக்கா? இதற்கு மட்டும் பதில் எழுது. க்ரீம் கூடத் தீரப்போகிறது.

சின்னவள்


மே 19

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆனால் நான் காத்திருக்க முடியாது, இதை இன்றே எழுதியாக வேண்டும்.

முந்தாநாள் குடியிருப்பு மோட்டார் கெட்டுப்போய்க் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. குடிக்க மட்டும் இவர் கேன் வாங்கி வைத்துவிட்டுப் போனார். குளியல் இல்லை, துவையல் இல்லை. தலை வாராமல், இரவு போட்ட நைட்டியோடு, தட்டிக்கூடப் போடாத படுக்கையில் பாப்பாவோடு சரிந்து கிடந்தேன். அழட்டும், நானும் அழுகிறேன் என்று.

அவள் அழவில்லை.

என் கழுத்தில் மூக்கை நுழைத்து, கன்னத்தை இப்படியும் அப்படியும் தேய்த்து, ஒரு பெருமூச்சு விட்டாள். அக்கா, அதே பெருமூச்சு. கை நீண்டு என் தலையணை உறையின் முனையைப் பிடித்துக்கொண்டது. அண்ணி போன பிறகு அதைத் தினமும் மாற்ற ஆளில்லை. ஒரு வாரமாக நான் படுத்த உறை. வாசனைத் திரவமெல்லாம் போய் என் தலையெண்ணெயும் வியர்வையும் பாலும்தான் அதில் இருந்தது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் தண்ணீர் வந்தது. குளித்தேன், மிச்சமிருந்த க்ரீமைத் தடவினேன், தூக்கினேன். வில்லாக வளைந்தாள். முதல் நாள் குளியலும் இல்லை, க்ரீமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுத்தைக் கழுவிவிட்டு, அந்த உறையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எடுத்தேன்.

தூங்கிவிட்டாள், அக்கா. என் தோளில். பட்டப்பகலில்.

"எனக்கு வேணும்" என்றார்களே, வேலை வேண்டுமென்று இல்லை. உறைதான் வேண்டும். நான் எழுந்து போனதும் தினமும் அதைக் கழற்றிப் போய்த் தோளில் போட்டுக்கொண்டார்கள். இவ்வளவு நாள் பாப்பா அவர்கள் தோளில் தேடியது என்னை. நான் பக்கத்திலேயே ரோஜாவாக நின்றுகொண்டு வயிறெரிந்திருக்கிறேன். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் நான்தான்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நீ ஆசையாக அனுப்பினாய்.

சின்னவள்


ஜூன் 2

சின்னவளே,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடிதத்தை மடித்துக் கடை மேஜையில் வைத்துக்கொண்டு பதில் எழுத வராமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நாள் முழுக்கத் தாய்மார்களுக்கு "வாசனை இல்லாததா வாங்கிக்கங்க" என்று சொல்லி விற்கிறவள் நான். என் தங்கைக்கு வாங்கும்போது அது ஞாபகம் வரவில்லை. அந்த அம்மா வாங்கித் தராத ஒன்று என்பதுதான் ஞாபகத்தில் இருந்தது.

எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். லீவு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். உனக்கு வலி எடுத்தபோது என்னைக் கூப்பிடும் முன் உன் நாத்தனாரைக் கூப்பிட்டுவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு கோபம். இவ்வளவு வயசாகியும் இப்படி.

க்ரீம் டப்பியை மூடிவை. இனி நீ எழுத வேண்டியது எனக்கு இல்லை. அவர்களுக்கு எழுது. நான் பதினைந்தாம் தேதி வருகிறேன்.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நூலகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டீர்களா? மூட்டுவலிக்கு அந்த மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கும், இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்கும் மன்னியுங்கள். நேரத்துக்கான மன்னிப்பைக் கேட்பது சுலபமாக இருக்கிறது, மற்றதற்கு வார்த்தை தேடி நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நான் அன்று சொன்னது சொல்லக்கூடாதது. என் வாயிலிருந்து அது வந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பாப்பா நலம். எடை ஏறியிருக்கிறது. பாட்டில் தேவைப்படவில்லை. குப்புற விழுந்துவிட்டு, எழத் தெரியாமல் யாரையோ திட்டுகிறாள். உறையைப் பற்றித் தெரிந்துகொண்டேன், அண்ணி. எப்படி என்பது நீளமான கதை, நேரில் சொல்கிறேன். இப்போது தினமும் காலையில் நானே கழற்றி நானே தோளில் போட்டுக்கொள்கிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை, பச்சைத் தண்ணீரில், வாசனை இல்லாத சோப்பில் அலசுகிறேன். நாலு உறை எதற்கு என்று முன்னால் நினைத்ததுண்டு.

க்ரீமைப் பற்றி நீங்கள் ஏன் சொல்லவில்லை? இவள் அக்கா வாங்கிக் கொடுத்தது, அதைத் தடவும்போதுதான் இவள் சிரிக்கிறாள், எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டீர்கள், இல்லையா? அப்படித்தான் இருக்கும். சொல்லாமல் விட்டதில் உங்களுக்கும் கொஞ்சம் ஆசை இருந்திருக்கும். தோளில் அப்படித் தூங்கும்போது யாருக்குத்தான் இறக்கிவிட மனசு வரும்? எனக்கு வருவதில்லை, இப்போதுதான் தெரிகிறது. இருந்தால் இருக்கட்டும். பொறாமை போய்விட்டது என்று நானும் எழுதப்போவதில்லை. நீங்கள் மடித்த மாதிரி துணி இன்னும் என் கையில் நிற்கவில்லை.

உப்பு என் தட்டிலேயே இருக்கிறது. மற்ற டப்பாக்களை உங்கள் வரிசையிலேயே வைத்திருக்கிறேன். 'ம' இப்போது பழகிவிட்டது.

ஒரு உதவி வேண்டும். நேற்று இவர் உங்கள் பழைய சால்வையை அலமாரியிலிருந்து எடுத்தார். பாப்பா அதைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். முகத்தில் வைத்துப் பார்த்தாள். நான் அதை எப்போதோ துவைத்து மடித்து வைத்திருந்தேன். அதில் நீங்கள் இல்லை. திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

இத்துடன் ஒரு நீல உறை அனுப்புகிறேன். உங்கள் தலையணையில் போட்டு ஒரு வாரம் படுத்துவிட்டுத் துவைக்காமல் அனுப்புங்கள். நீங்களே எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. பதினைந்தாம் தேதி என் அக்காவும் வருகிறாள். இடம் போதாது, ஆனாலும் வாருங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள், அண்ணி.

உங்கள் தம்பி மனைவி